எத்தனை சதவீதம் வந்தால் புதுசைப் போடலாம்?

22 செப்டம்பர் 2024, ஞாயிறு

வலைப்பக்கம் செய்கிறவர்களை நேராகக் கேட்கிறேன். சிஎஸ்எஸ்ஸிலோ (பக்கத்தின் தோற்றத்தை எழுதுகிற மொழி) ஜாவாஸ்கிரிப்டிலோ (பக்கத்தை இயங்க வைக்கிற மொழி) புதிதாக ஒன்று வந்தால், எத்தனை சதவீதம் பேருடைய பிரவுசரில் அது ஓடினால் நீங்கள் அதில் கை வைப்பீர்கள்? என் கணக்கு இத்தனை வருஷமாக 95. எது எத்தனை பிரவுசரில் ஓடும் என்று காட்டுகிற அட்டவணையில் 95 தாண்டினால் போடு, இல்லாவிட்டால் பொறு. அந்தக் கணக்குக்குப் போன வாரம் நல்ல அடி.

இங்கே சிங்கப்பூரில், தேக்கா பக்கம் ஒரு பலகாரக் கடைக்குத் தீபாவளி ஆர்டர் பக்கம் செய்து கொடுத்தேன். பெரிய வேலை இல்லை. முறுக்கு, அதிரசம், நெய் உருண்டை என்று வரிசை, ஒவ்வொன்றுக்கும் எதிரே எண்ணிக்கை, அதை ஒட்டி ஒரு கழித்தல் பொத்தான், ஒரு கூட்டல் பொத்தான். ஃபிளெக்ஸ்பாக்ஸில் (வரிசையாக அடுக்குகிற சிஎஸ்எஸ் முறை) அடுக்கி, நடுவில் இடைவெளிக்கு கேப் என்று ஒரே வரி. குரோமில் அழகாக இருந்தது. என் ஐபோனில், மனைவியின் சாம்சங்கில், எல்லாவற்றிலும் அழகு. மூன்றாம் நாள் கடைக்காரர் கூப்பிடுகிறார்: "தம்பி, தோ பாயோல ஒரு பாட்டி பதினாலு பாக்கெட் அதிரசம் போட்டிருக்காங்க. வீட்ல இருக்கிறதே ரெண்டு பேரு."

பாட்டியிடம் இருப்பது பழைய ஐபேட். அதில் ஃபிளெக்ஸ்பாக்ஸ் உண்டு, கேப் கிடையாது. இரண்டு பொத்தானும் முதுகோடு முதுகு ஒட்டி நின்றிருக்கின்றன. மூன்றை இரண்டாகக் குறைக்கப் போயிருக்கிறார், விரல் பக்கத்துப் பொத்தானில் பட்டு நாலாகியிருக்கிறது, பதறி மறுபடி அழுத்தியிருக்கிறார். அப்படியே பதினாலு வரை.

ஆக என் வாதம் இது: எந்தப் பிரவுசருக்கு எவ்வளவு பங்கு என்பதுதான் ஒரு வலைத் தரநிலை (எல்லாப் பிரவுசருக்கும் பொதுவான விதி) எப்போது புழக்கத்துக்கு வரும் என்பதைத் தீர்மானிக்கிறது, மற்றதெல்லாம் வெறும் பேச்சு. பாட்டி மிச்சம் 5 சதவீதத்தில் மாட்டிக்கொண்டார். கணக்கை 98 ஆக்கிவிடவா?

23 செப்டம்பர்

"அந்த ஐபேடில் குரோம் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள் அண்ணே" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தம்பி, ஐபேடில் குரோம் என்று நீங்கள் பார்ப்பது குரோம் சட்டை போட்ட சஃபாரி. ஆப்பிள் தன் கைப்பேசியிலும் ஐபேடிலும் தன் வெப்கிட் தவிர வேறு இன்ஜினை (பக்கத்தை வரைந்து காட்டுகிற உள்பகுதி) விடுவதில்லை. பயர்பாக்ஸ் போட்டாலும் அடியில் வெப்கிட்தான். இந்த வருஷம் மார்ச்சில் ஐஓஎஸ் 17.4 வந்தபோது ஐரோப்பிய ஒன்றியத்துக்கு மட்டும் கதவைக் கொஞ்சம் திறந்தார்கள், அதுவும் சட்டம் கழுத்தைப் பிடித்ததால். சிங்கப்பூருக்கு அந்தக் கதவு இல்லை.

இதை எழுதும்போதே என் முதல் குறிப்பில் ஒரு ஓட்டை தெரிகிறது. பிரவுசர் பெயரை வைத்துப் பங்கு எண்ணினால் கணக்குத் தப்பு. எண்ண வேண்டியது இன்ஜினை. குரோம், எட்ஜ், ஓபரா, பிரேவ், சாம்சங் எல்லாம் பிளிங்க். சஃபாரியும் ஐபோனில் ஓடும் எல்லாமும் வெப்கிட். பயர்பாக்ஸ் மட்டும் கெக்கோ. பெயர்ப்பலகை இருபது, அடுப்படி மூன்று. அதோடு, அதே வெப்கிட்டிலும் 2018 வெப்கிட்டும் 2024 வெப்கிட்டும் வேறு வேறு ஆள். ஆப்பிளில் சஃபாரி இயங்குதளத்தோடு சேர்ந்துதான் வரும், அந்தக் கருவிக்கு ஐஓஎஸ் நின்றால் சஃபாரியும் நின்றது.

24 செப்டம்பர்

பங்கு என்றதும் எனக்கு ஞாபகம் வருவது 2005. சையது ஆல்வி சாலையில் மாடிப்படி ஏறிப் போகிற சின்ன ஆபீஸ். ஒரு நகைக்கடையின் சின்னத்தை பிஎன்ஜி படமாக, பின்புலம் கண்ணாடி போலத் தெரிகிற மாதிரி செய்து, சிவப்புப் பட்டுத் துணிப் படத்தின் மேல் வைத்தேன். பயர்பாக்ஸில் பொன் மாதிரி மின்னியது. முதலாளியின் கணினியில் ஐஇ6, அதாவது மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர். சின்னத்தைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு சதுரம், ஏதோ அட்டையில் வெட்டி ஒட்டினது போல. அவர் கேட்டார், "என்னப்பா, தங்கத்துக்குச் சிமென்ட் பூசி வெச்சிருக்க?"

பிஎன்ஜி 1996-இல் டபிள்யூ3சி (வலைத் தரநிலைகளை வகுக்கிற அமைப்பு) பரிந்துரையான பட வடிவம். ஐஇ அந்தக் கண்ணாடித்தன்மையை ஒழுங்காகக் காட்டியது ஐஇ7-இல், 2006 அக்டோபரில். பத்து வருஷம். ஐஇ6 வந்தது 2001-இல், உச்சத்தில் ஐஇ-யின் பங்கு 95 சதவீதத்தை ஒட்டி இருந்தது, போட்டிக்கு ஆள் இல்லை, அப்புறம் ஐந்து வருஷம் புதுப் பதிப்பே இல்லை. எதற்கு அவசரப்பட வேண்டும்? ஆல்ஃபாஇமேஜ்லோடர் என்று மைக்ரோசாஃப்ட் தனியாக ஒரு வடிகட்டி வைத்திருந்தது, அதை எழுதிச் சமாளித்தேன். அந்தக் கடைக்கு மட்டும் அன்று ராத்திரி பதினொன்றரை வரை உட்கார்ந்தேன், கோப்பி-ஓ மூன்று.

அதனால்தான் சொல்கிறேன், பங்கே எல்லாம்.

25 செப்டம்பர்

சரி, சரி. ஐஇ6-ஐ நான் திட்டியதற்கு இரண்டு பேர் சண்டைக்கு வந்துவிட்டார்கள், அதில் ஒருவர் சொல்வது நியாயம். 2001-இல் அது மோசமான பிரவுசர் இல்லை. எக்ஸ்எம்எல்ஹெச்டிடிபிரிக்வெஸ்ட் (பக்கத்தை மறுபடி ஏற்றாமலே புதுத் தகவலைக் கொண்டுவருகிற வசதி) 1999-இல் ஐஇ5-இல்தான் முதலில் வந்தது, அது இல்லாமல் ஜிமெயிலும் இல்லை, கூகுள் மேப்ஸும் இல்லை. நாம் இன்று தூக்கிவைத்துக் கொண்டாடுகிற சிஎஸ்எஸ் கிரிட் (பக்கத்தைக் கட்டம் கட்டமாக அடுக்குகிற முறை) கூட மைக்ரோசாஃப்ட் ஆட்கள் முன்மொழிந்து 2012-இல் ஐஇ10-இல் தங்கள் முன்னொட்டுப் போட்டு வெளியிட்டது. அப்போது ஒரு நாய் கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. 2017 மார்ச்சில் பயர்பாக்ஸ், குரோம், சஃபாரி மூன்றும் ஒரே மாதத்துக்குள் கிரிட்டை இறக்கினதும் எல்லோரும் கிரிட் கற்றுக்கொண்டோம்.

இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மூன்று பேரும் ஒரே மாதம். 95-க்காக யாரும் காத்திருக்கவில்லை. நானும் அந்த வருஷமே போட்டேன். என் விதியை நானே மீறியிருக்கிறேன், ஏழு வருஷம் கழித்து இப்போதுதான் கவனிக்கிறேன்.

28 செப்டம்பர், சனி

இன்று கொஞ்சம் பழங்கதை, பொறுத்துக்கொள்ளுங்கள். தமிழுக்கு இந்தப் பங்கு விவகாரம் எப்படி இருந்தது என்று யாராவது எழுத வேண்டும்.

1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளுக்கு நான்கு மொழியில் வலைத்தளம் வந்தது, அப்போதைய அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்தார். அதில் தமிழை ஏற்றியவர் தமிழ்க் கணிமை முன்னோடி நா. கோவிந்தசாமி. 1997 மே மாதம் தமிழ்நெட் 97 மாநாடு இங்கே நடந்தபோது நான் பாலிடெக்னிக் மாணவன், எழுத்துரு, விசைப்பலகை, குறியீடு என்று பெரியவர்கள் அடித்துக்கொண்டதில் பாதி எனக்குப் புரியவில்லை. ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு (எந்த எழுத்துக்கு எந்த எண் என்கிற ஏற்பாடு). ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிக்க வேண்டுமென்றால் அவருடைய எழுத்துருவை முதலில் இறக்கிப் போட வேண்டும்.

அப்போது மைக்ரோசாஃப்ட் ஒரு வழி காட்டியது: பக்கத்தோடு எழுத்துருவும் தானாக இறங்கும், இஓடி என்ற வடிவில். 1997, ஐஇ4. போட்டிப் பிரவுசரான நெட்ஸ்கேப் 4-க்கு வேறு வடிவம், பிஎஃப்ஆர். கொஞ்ச நாள் இரண்டையும் செய்தோம். அப்புறம் நெட்ஸ்கேப் படுத்துவிட்டது, எல்லோரும் இஓடி மட்டும் வைத்தார்கள். பத்திரிகைத் தளங்கள் பல அப்படித்தான். பயர்பாக்ஸ் வந்த பிறகு அதே பக்கங்களைத் திறந்தால், தலைப்புச் செய்தி இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் ஆச்சரியக்குறியும் டிகிரி வட்டமுமாகக் கொட்டிக் கிடக்கும். பத்மா என்றொரு நீட்சி இருந்தது, பழைய குறியீட்டை அந்த இடத்திலேயே எல்லோருக்கும் பொதுவான குறியீடான யூனிகோடாக மாற்றிக் காட்டும். யாருக்கு நினைவிருக்கிறது, கை தூக்குங்கள்.

பயர்பாக்ஸில் வலைவழி எழுத்துரு வந்தது 3.5-இல், 2009. ஐஇ-யில் இருந்தது வெறும் பன்னிரண்டு வருஷம் முன்னால்! ஆனால் அது ஐஇ வடிவம். மற்றவர்கள் சேராததால் தொண்ணூற்றைந்து சதவீதம் கையில் இருந்தும் இஓடி தரநிலையாகவே இல்லை. கடைசியில் வோஃப் என்ற பொது வடிவம் வந்து, ஐஇ9-உம் 2011-இல் அதற்கே இறங்கி வந்தது.

யூனிகோடுக்கு மாறிய பிறகும் சும்மா விடவில்லை. விண்டோஸ் எக்ஸ்பி-யில் வட்டார அமைப்புக்குள் போய்ச் சிக்கலான எழுத்துகளுக்கு ஒரு பெட்டியில் டிக் போட வேண்டும், விண்டோஸ் சிடி கேட்கும், சிடி யாரிடமும் இருக்காது. அப்புறம் அந்தப் புகழ்பெற்ற ஜஸ்டிஃபை பிரச்சினை. பத்தியை இருபக்கமும் சீராக்கி வைத்தால் பழைய பயர்பாக்ஸில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் எனப் பிய்ந்து நிற்கும். 'கொடு' என்று எழுதியிருந்தால் விபத்து நடந்த இடம் மாதிரி இருக்கும். பதிவு எழுதுகிறவர்களுக்கு "அய்யா, ஜஸ்டிஃபை எடுத்துவிடுங்கள்" என்று பின்னூட்டம் போடுவதே அப்போது எனக்கு வேலை. 2008-இல் பயர்பாக்ஸ் 3 வந்துதான் அது தீர்ந்தது.

இதில் நான் இப்போது பார்ப்பது என்னவென்றால், அந்த வருஷங்களில் பிரவுசர் பங்கு அப்படி ஒன்றும் தலைகீழாகிவிடவில்லை, ஆனாலும் தமிழ் ஆட்கள் யூனிகோடுக்குத் தாவினார்கள். ஏன்? தேடினால் அகப்பட்டது யூனிகோடில் எழுதியது மட்டும். நீ திஸ்கியில் (பழைய தமிழ்க் குறியீடு) காவியமே எழுதியிருந்தாலும் கூகுளுக்கு அது குப்பை எழுத்து. தமிழ்நாடு அரசு முறைப்படி யூனிகோடை ஏற்றது 2010-இல், அதற்குள் பதிவர்கள் நாலைந்து வருஷம் முன்னாலேயே மாறிவிட்டார்கள். யாரும் எந்த அட்டவணையும் பார்க்கவில்லை.

29 செப்டம்பர்

கை தூக்கிய நான்கு பேருக்கும் நன்றி. நாமெல்லாம் கிழடாகிவிட்டோம்.

3 அக்டோபர்

"இப்போது குரோம்தானே புது ஐஇ6, அவன் வைத்ததுதானே சட்டம்?" இந்தக் கேள்விக்கு ஆமாம் என்று எழுத உட்கார்ந்தேன், எழுத எழுத இல்லை என்றாகிவிட்டது. பிரவுசர் பங்கை அளக்கிற ஸ்டாட்கவுண்டர் கணக்கில் குரோம் உலக அளவில் 65 சதவீதம் போல, சஃபாரி 18 போல, பயர்பாக்ஸ் 3-க்கும் கீழே. பார்த்தால் குரோம் நினைத்ததெல்லாம் நடக்க வேண்டும்.

வெப்பி என்ற பட வடிவத்தை கூகுள் வெளியிட்டது 2010-இல். பயர்பாக்ஸ் ஏற்றது 2019 ஜனவரி. சஃபாரி 14, 2020 செப்டம்பர். பத்து வருஷம் நாம் ஜேபெக் ஒன்று, வெப்பி ஒன்று என்று இரண்டு இரண்டாகப் படம் வைத்துக்கொண்டிருந்தோம், ஏனென்றால் ஐபோன்காரர்களை விட முடியாது, அதுவும் இந்த ஊரில். காலையில் எம்ஆர்டி ரயிலில் ஒரு பெட்டியில் எத்தனை ஐபோன் என்று எண்ணிப் பாருங்கள், அந்த 18 சதவீதமெல்லாம் உலகத்துக்கு, நமக்கு இல்லை.

தலைகீழாகவும் பார்க்கலாம். ஜேபெக் எக்ஸ்எல் நல்ல பட வடிவம் என்று படத்துறை ஆட்கள் தொண்டை வறளக் கத்தினார்கள். குரோம் சோதனைக்காக வைத்திருந்ததை 2022 கடைசியில் "போதிய ஆர்வம் இல்லை" என்று சொல்லி, 110-ஆம் பதிப்பில் எடுத்தே விட்டது. அடுத்த வருஷமே ஆப்பிள் சஃபாரி 17-இல் அதைச் சேர்த்தது. பிரயோஜனம்? இன்றுவரை ஒரு வாடிக்கையாளருக்கும் நான் ஜேபெக் எக்ஸ்எல் வைக்கவில்லை. 65 சதவீதக்காரன் தலையாட்டாவிட்டால் முடிந்தது.

பாயிண்டர் நிகழ்வுகள் (மவுஸ், விரல், பேனா எல்லாவற்றையும் ஒரே வழியில் கவனிப்பது) இன்னொன்று. மைக்ரோசாஃப்ட் 2012-இல் முன்மொழிந்தது, குரோம் 2016 கடைசியில், ஆப்பிள் 2019-இல். சிஎஸ்எஸ்ஸின் ஹேஸ் தேர்வியை (உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து வெளிப் பெட்டியைத் தேர்வது) ஆப்பிள்தான் முதலில் 2022 மார்ச்சில் கொடுத்தது, குரோம் அதே ஆகஸ்டில், பயர்பாக்ஸ் 2023 டிசம்பரில். நான் போட ஆரம்பித்தது 2024 ஜனவரியில். அதாவது 3 சதவீதம் கூட இல்லாத பயர்பாக்ஸுக்காகக் காத்திருந்தேன்.

ஆக பெரிய பங்கு ஒன்றைத் தடுக்கப் போதும், தனியாக நிறுவப் போதாது. போன வருஷம் ஜூலையில் கூகுள் ஆட்கள் கொண்டுவந்த வெப் என்விரான்மென்ட் இன்டெக்ரிட்டி ஞாபகம் இருக்கும், பிரவுசரும் கருவியும் 'நம்பகமானதா' என்று தளத்துக்குச் சான்று கொடுக்கிற ஏற்பாடு. பயர்பாக்ஸ் செய்கிற மோசில்லா எதிர்த்தது, ஊர் முழுக்கக் கத்தியது, நவம்பரில் மூட்டை கட்டிவிட்டார்கள். 65 சதவீதம் இருந்தும்.

4 அக்டோபர்

மேலே "ஊர் முழுக்க" என்று எழுதியது கொஞ்சம் மிகை. கத்தியது நம்மைப் போன்ற ஆட்கள் மட்டும். என் மனைவியிடம் அப்போது விளக்கினேன், "ஓ" என்றாள்.

5 அக்டோபர், சனி

பங்கை எப்படி அளக்கிறார்கள் என்று கேட்டவருக்கு: ஸ்டாட்கவுண்டர் தன் நிரல் இருக்கிற தளங்களில் பக்கங்கள் எத்தனை முறை பார்க்கப்பட்டன என்று எண்ணுகிறது. ஆளை எண்ணுவதில்லை. ஒரு நாளைக்கு முந்நூறு பக்கம் பார்க்கிற நானும், வாரத்துக்கு இரண்டு பக்கம் பார்க்கிற பாட்டியும் அதில் ஒன்றில்லை. தவிர பிரவுசர் சொல்கிற பெயரையே நம்ப முடியாது. எல்லாப் பிரவுசரும் தன்னை 'மோசில்லா' என்று சொல்லிக்கொண்டுதான் ஆரம்பிக்கும், நெட்ஸ்கேப் காலத்துப் பழக்கம். விவால்டி என்ற சின்னப் பிரவுசர் 2019 கடைசியில் தன் பெயரைச் சொல்வதையே நிறுத்தியது, ஏனென்றால் பெயரைப் பார்த்ததும் சில தளங்கள் கதவைச் சாத்தின. சிறுபான்மை உயிர்பிழைக்கப் பெரும்பான்மை வேஷம் போடுகிறது, அந்த வேஷமும் பெரும்பான்மையின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

அமெரிக்க அரசுத் தளங்களின் வடிவமைப்பு முறையில் 2 சதவீத விதி உண்டு, அரசுத் தளங்களுக்கு வருகிறவர்களில் 2 சதவீதத்துக்கு மேல் உள்ள பிரவுசரைத் தாங்க வேண்டும் என்று. பயர்பாக்ஸ் அந்தக் கோட்டை நெருங்குகிறது என்று போன டிசம்பரில் ஒரே கவலை. அரசு கைவிட்டால் அலுவலகங்கள் கைவிடும், அலுவலகங்கள் கைவிட்டால் பங்கு இன்னும் இறங்கும். வழுக்குப் பாறை.

பலகாரக் கடையின் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். பெரும்பாலும் ஐபோன், அடுத்து ஆண்ட்ராய்டு குரோம், வாட்ஸ்அப் வழியாகச் சுட்டியைத் தட்டி வந்தவர்கள். பயர்பாக்ஸும் இருக்கிறது. அது நான்தான்.

9 அக்டோபர்

கடைக்காரருக்குப் புது ஆசை. பெட்டி மேல் வாடிக்கையாளர் பெயர் அச்சிட வேண்டும், தமிழில், பன்னிரண்டு எழுத்துக்குள். ஆங்கிலத்தில் இது ஒரு வரி வேலை. தமிழில் 'சிங்கப்பூர்' என்று தட்டி நீளம் கேட்டால் ஜாவாஸ்கிரிப்ட் 11 என்கிறது. நமக்கு சி, ங், க, ப், பூ, ர், ஆறு. புள்ளியையும் சுழியையும் தனித்தனியாக எண்ணுகிறது. மீனாட்சிசுந்தரம் என்று ஒருவர் வந்தால் தொலைந்தார், நம் கணக்கில் ஒன்பதுதான், பெட்டியில் நிம்மதியாக அடங்கும், கணினி பாதியில் நிறுத்திவிடும்.

இதற்கென்றே ஜாவாஸ்கிரிப்டில் இன்டல் செக்மென்டர் இருக்கிறது. குரோமில் 2020 நவம்பர், சஃபாரியில் 2021 ஏப்ரல், பயர்பாக்ஸில் இந்த வருஷம் ஏப்ரல். மூன்றரை வருஷம் கடைசி ஆளுக்காகக் காத்திருப்பு. (ஸ்ரீயை அது இரண்டாக எண்ணுகிறது. ஸ்ரீவித்யாக்கள் மன்னிக்க.)

இங்கேதான் எனக்கு ஒன்று உறைத்தது. சிஎஸ்எஸ் தெரியாததைக் கண்டால் பேசாமல் தாண்டிப் போகும். ஜாவாஸ்கிரிப்ட் தெரியாத இலக்கணத்தைக் கண்டால் மொத்தக் கோப்பையும் தூக்கி எறியும், பக்கத்தில் எந்தப் பொத்தானும் அசையாது. பாட்டியின் ஐபேடில் ஆர்டர் போகவாவது போனது, ஏனென்றால் ஜாவாஸ்கிரிப்டைப் பழைய நடைக்கு மாற்றித் தருகிற கருவி ஒன்றை வைத்திருந்தேன். சிஎஸ்எஸ் தானே, சாதுதானே, உடையாது என்று விட்டேன். உடையவில்லை. ஒட்டிக்கொண்டது. விளைவு பதினாலு பாக்கெட்.

அதனால் ஒரே சதவீதம் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. மூலை வளைவுக்கு 60 போதும். பட்டியலில் ௧, ௨, ௩ என்று தமிழ் எண் போடுகிற கவுண்டர்-ஸ்டைலுக்கு 40 கூடப் போதும், இல்லாதவனுக்கு 1, 2, 3 வரப்போகிறது, அவ்வளவுதான். அதை பயர்பாக்ஸ் 2014-இலேயே கொடுத்தது, குரோம் 2021, சஃபாரி 2023. நான் ஒன்பது வருஷம் சும்மா காத்திருந்தேன், எதற்கென்று இப்போது தெரியவில்லை. பணம் கட்டுகிற பொத்தானுக்கு 99 கூடக் குறைச்சல்.

10 அக்டோபர்

இன்னொன்று விட்டுப்போனது. பழைய பிரவுசருக்கு மட்டும் ஓட்டு இல்லை, பழைய பக்கத்துக்கும் உண்டு. 2018-இல் ஜாவாஸ்கிரிப்டின் அணிவரிசைக்கு (பட்டியல் மாதிரி) ஃபிளாட்டன் என்று ஒன்றைச் சேர்க்கப் போனார்கள், மூடூல்ஸ் என்ற பழைய நிரல் நூலகம் அதே பெயரில் ஏற்கெனவே ஒன்றைச் செருகி வைத்திருந்ததால் யாரோ எப்போதோ செய்து மறந்த தளங்கள் உடைந்தன. ஒருவர் விளையாட்டாக 'ஸ்மூஷ்' என்று வையுங்கள் என்றார், பெரிய ரகளை, கடைசியில் ஃபிளாட். செத்துப்போன நூலகம் உயிரோடு இருக்கிற மொழிக்குப் பெயர் வைத்தது.

14 அக்டோபர்

"பேஸ்லைன் பார்த்தால் போதுமே, ஏன் சதவீதம்?" என்று மூன்று பேர். ஒரு வசதியை எப்போது நம்பிப் போடலாம் என்று சொல்கிற பட்டியல் அது, நல்ல ஏற்பாடுதான். முக்கியப் பிரவுசர்கள் எல்லாவற்றிலும் வந்த நாளிலிருந்து 'புதிதாகக் கிடைப்பது', அதிலிருந்து 30 மாதம் போனால் 'பரவலாகக் கிடைப்பது'. பங்குக் கணக்கையே ஓரங்கட்டிவிட்டு நாள்காட்டியை வைத்துவிட்டார்கள், எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் நம் வழக்குக்கு வைத்துப் பாருங்கள். ஃபிளெக்ஸ் கேப் பயர்பாக்ஸில் 2018, குரோமில் 2020, சஃபாரியில் 14.1, 2021 ஏப்ரல். 30 மாதம் கூட்டினால் 2023 அக்டோபர். நான் பக்கம் செய்தது அதற்கும் பதினோரு மாதம் கழித்து. விதிப்படி நான் நிரபராதி. பாட்டிக்கு விதி தெரியாது.

98 ஆக்கவா என்று முதலில் கேட்டேனே, அதை வாபஸ் வாங்குகிறேன். 98 வைத்திருந்தாலும் மிச்சம் 2-இல் பாட்டி இருந்திருப்பார். எண்ணை ஏற்றினால் மாட்டிக்கொள்கிற ஆட்கள் குறைவார்கள், மாட்டிக்கொண்டவரின் நிலைமை அப்படியேதான் இருக்கும்.

20 அக்டோபர், ஞாயிறு

தோ பாயோ போய் வந்தேன். கடைக்காரர்தான் "நேர்ல பாத்துட்டு வாங்க, அவங்க நம்ம பழைய கஸ்டமர்" என்றார். வீவக (அரசு அடுக்குமாடி) புளோக், பதினோராம் மாடி, வாசலில் மாவிலைத் தோரணம் காய்ந்து தொங்குகிறது. பாட்டிக்கு எழுபத்தெட்டு. ஐபேட் ஏர், முதல் தலைமுறை, பேரன் தொடக்கப்பள்ளியில் இருந்தபோது வாங்கியது, இப்போது அவன் தேசிய சேவையில் (கட்டாய ராணுவப் பணி). ஒரு மூலையில் கண்ணாடி விரிசல், அதன் மேல் டேப். அமைப்புக்குள் போய்ப் பார்த்தேன், ஐஓஎஸ் 12.5.7. அடுத்த 13-க்கு ஏறாது, ஆப்பிளே நிறுத்திவிட்டது.

என் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். இரண்டு பொத்தானும் நடுவில் மயிரிழை கூட இல்லாமல் ஒட்டியிருந்தன, இரட்டைவால் குருவி மாதிரி ஒரே உருவம். பாட்டி ஆள்காட்டி விரலை நுனியால் தொடுவதில்லை, விரலின் வயிற்றுப் பக்கத்தால் அமுக்கிக் கொஞ்சம் வலப்பக்கம் உருட்டுகிறார். வலப்பக்கம் கூட்டல். இது எந்த அட்டவணையிலும் இல்லை.

"நான் தப்பா அமுக்கிட்டேன்னு நெனைச்சேன் தம்பி" என்றார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கோப்பி கொடுத்தார், பால் அதிகம், சர்க்கரை அதைவிட அதிகம்.

திரும்பும்போது ரயிலிலேயே திருத்தினேன். முதலில் புத்திசாலித்தனமாக, கேப் இருந்தால் கேப், இல்லையென்றால் மார்ஜின் (ஓர இடைவெளி) என்று @சப்போர்ட்ஸ் (இது உனக்குத் தெரியுமா என்று பிரவுசரைக் கேட்கிற சிஎஸ்எஸ் வரி) வைத்துக் கேட்கப் பார்த்தேன். இதில் ஒரு பொறி இருக்கிறது, தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பாட்டியின் சஃபாரியிடம் கேப் தெரியுமா என்று கேட்டால் தெரியும் என்று சொல்லும். கிரிட்டில் கேப் தெரியும், ஃபிளெக்ஸில் தெரியாது, கேள்விக்குள் எந்த கேப் என்று கேட்க வழியில்லை. சாட்சி சொன்னது பொய்யில்லை, கேள்வி தப்பு. அதனால் கேப்பை எடுத்துவிட்டு 2005-இல் எழுதினது போல மார்ஜின் 16 என்று எழுதினேன். பொத்தான்களையும் பெரிதாக்கினேன். எட்டு நிமிஷ வேலை, இறங்குவதற்குள் முடிந்தது.

21 அக்டோபர்

"கிரிட் கேப் வைத்திருக்கலாமே, கிரிட்டுக்கு ஐஓஎஸ் 12-இல் கேப் உண்டே" என்று எழுதியவருக்கு: ஆமாம். வைத்திருக்கலாம். ரயிலில் தோன்றவில்லை. வரிசையை ஃபிளெக்ஸிலிருந்து கிரிட்டுக்கு மாற்றிவிட்டு கேப்பையே திரும்பப் போட்டுவிட்டேன், மார்ஜினை எடுத்தாயிற்று.

2 நவம்பர், சனி

தீபாவளி முடிந்து இப்போதுதான் மூச்சு விடுகிறேன். சிராங்கூன் சாலை விளக்கு இன்னும் எரிகிறது. கடைக்குப் பெட்டிக் கணக்கு பார்க்கப் போயிருந்தேன், கடைக்காரர் பாட்டியின் ஆர்டரைக் காட்டினார்: முறுக்கு இரண்டு, நெய் உருண்டை ஒன்று, அதிரசம் இரண்டு. பதினாலு பாக்கெட் சமாச்சாரத்தில் திருப்பி அனுப்பாமல் நானே வாங்கிக்கொண்ட பாக்கெட்டுகளில் ஒன்று இன்னும் என் அலுவலக அலமாரியில் இருக்கிறது, கல்லாகிவிட்டது.

மேலே 9-ஆம் தேதிக் குறிப்பில் ஒரு திருத்தம். மீனாட்சிசுந்தரம் ஒன்பது எழுத்து என்று எழுதியிருந்தேன். மீ, னா, ட், சி, சு, ந், த, ர, ம். ஒன்பதுதான், சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். கடைக்காரர் பத்து என்று அடித்துச் சொன்னதால் சந்தேகம் வந்து விரல் விட்டு எண்ணினேன்.